ஸ்ரீரங்கத்தில் சிக்கிய பிரெஞ்சுத் தளபதி: இ-மெயிலில் ஆடும் போர் விளையாட்டு

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது துப்பாக்கியுடன் ஓடும் வீரன் அல்லது வேகமாகப் பாயும் கார். இவற்றுக்கு விரல் வேகம் வேண்டும். விலை கூடிய கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இவை இரண்டும் இல்லாதவர்களுக்கும் ஒரு விளையாட்டு வகை பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. இதனை வார்கேம் என்று அழைக்கிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், இ-மெயிலில் ஒரு பைலை அட்டாச் செய்து அனுப்பத் தெரிந்தால் போதும், இதனை ஆடலாம்.

திரையில் தெரிவது ஒரு நிலப்படம். தேன்கூடு போல அறுகோணக் கட்டங்களாக அது பிரிக்கப்பட்டிருக்கும். நான் ஆடுவது நெப்போலியனிக் பேட்டில்ஸ் என்ற வரிசை. இதில் ஒரு கட்டம் 100 மீட்டர். பகல் நேரத்தில் ஒரு டேர்ன் 15 நிமிடம். கட்டங்களில் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கிப் பிரிவுகள் நிற்கும். மவுஸால் அவற்றைத் தேர்ந்தெடுத்து நகர்த்த வேண்டும், சுட வேண்டும். உங்கள் முறை முடிந்ததும் கம்ப்யூட்டர் அந்த நிலையை ஒரு பைலாகச் சேமித்துத் தரும். அதனை எதிராளிக்கு அனுப்பினால், அவர் திறந்தவுடன் நீங்கள் செய்தவை எல்லாம் அவர் திரையில் படமாக ஓடும். பின்பு அவர் ஆடி அனுப்புவார். இருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்ட் உண்டு. எனவே அவருடைய பைலை நீங்கள் இடையில் திறந்து எட்டிப் பார்க்க முடியாது.

இந்த வரிசையை உருவாக்கியவர் ஜான் டில்லர் என்ற அமெரிக்கர். 2021-ல் அவர் காலமானார். இப்போது வார்கேம் டிசைன் ஸ்டூடியோ என்ற நிறுவனம் இவற்றை விண்டோசுக்குப் புதுப்பித்து விற்று வருகிறது. எப்படி வாங்குவது, எப்படி இன்ஸ்டால் செய்வது என்பதெல்லாம் எளிது. இங்கு நான் எழுத வந்தது வேறு. முதல் டேர்னை ஆடுவதற்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் பற்றி.

மூன்று வாரம், ஒரு டேர்னும் இல்லை

நான் இருப்பது திருச்சி உறையூரில். என் எதிராளி ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறார். நடுவில் காவிரி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் என்னைத் தம்பி என்பார். நான் அவரைச் சார் என்பேன். ஆட்டம் ஆரம்பிக்கலாமா என்று நான் எழுதியபோது, விதிகளை முதலில் எழுத்தில் முடிவு செய்யலாம் என்று பதில் அனுப்பினார். மூன்று வாரம் இ-மெயில் போய் வந்தது. ஒரு சிப்பாய் கூட நகரவில்லை.

அவர் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு முப்பது வருடப் பழக்கம் உள்ள ஒரு நண்பருடன் இதே விளையாட்டை ஆடியிருக்கிறார். 31-வது டேர்னில் அந்த நண்பர், எதிரிப் படை ஒன்றைச் சுற்றிலும் தன் ஆட்களை நிறுத்தினார். நிறுத்தியது என்ன? ஒரு பக்கம் காலாட்படை. மறுபக்கம் தனியாக ஒரு தளபதி, வண்டியில் கட்டிய ஒரு பீரங்கி, நாலைந்து குதிரைகள். பின்வாங்க ஒரு கட்டமும் காலியாக இல்லாததால், கைகலப்பில் தோற்ற அந்தப் படை முழுவதும் சிறைப்பட்டதாகக் கம்ப்யூட்டர் கணக்கு எழுதிவிட்டது. ‘நிஜத்தில் ஐந்நூறு பேர் ஒரு பீரங்கி வண்டியைப் பார்த்து நிற்பார்களா?’ என்று இவர் கேட்டார். ‘கம்ப்யூட்டர் அனுமதிக்கிறது, அப்புறம் என்ன?’ என்றார் அவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டு. முன்பே பேசாததால் அது சண்டையாகிவிட்டது. இப்போது வீதியில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் பேசுவதில்லை. “ஆட்டமும் போச்சு, ஆளும் போச்சு தம்பி” என்று ஒரு முறை போனில் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நமக்கு இது புதிதல்ல. தாயம் ஆடும்போது வெட்டு விழாமல் காய் பழத்துக்குப் போகலாமா என்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். தெருக் கிரிக்கெட்டில் எதிர்வீட்டு மாடிக்குப் பந்து போனால் சிக்ஸரா, அவுட்டா என்பதை டாஸ் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் அது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். அது தனக்குச் சொல்லித் தந்த விதிகளை மட்டும்தான் பார்க்கும்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை, தெரியாதவை

முதலில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை. புதிய ஆட்டம் தொடங்கும்போது ஆப்ஷனல் ரூல்ஸ் என்று ஒரு விண்டோ வரும். வரிசையாகச் சிறு கட்டங்கள்; வேண்டியதில் டிக் செய்ய வேண்டும். ஒரு படை சிதறி ஓடினால் பக்கத்துப் படைகளுக்கும் பயம் தொற்றுமா? எந்த அளவுக்குத் தொற்றும்? பக்கவாட்டிலிருந்து தாக்கினால் மன உறுதி குறையுமா? தளபதி விழுந்தால் எதிரிக்கு வெற்றிப் புள்ளி உண்டா? இப்படிப் பல. ஆட்டத்தைத் தொடங்கி முதல் பைலை உருவாக்குபவர் எதை டிக் செய்கிறாரோ, அதுதான் கடைசி வரை. எனவே அந்த விண்டோவை பிரிண்ட் ஸ்கிரீன் செய்து எதிராளிக்கு அனுப்பி, அவர் சரி என்று எழுதிய பிறகு ஓகே பட்டனை அழுத்துங்கள்.

இதைவிடப் பெரிய முடிவு ஒன்று உண்டு. நகர்வது, சுடுவது, குதிரைப்படை பாய்வது, கைகலப்பு எல்லாவற்றையும் ஒரே டேர்னில் எந்த வரிசையிலும் செய்யலாம் என்பது ஒரு முறை. தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்பது மற்றொன்று. இரண்டாவது நிஜப் போருக்கு நெருக்கமானது. ஆனால் எதிராளி இடையில் திருப்பிச் சுட வேண்டும் என்றால் பைல் அதிக முறை போய்வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது. நாங்கள் முதல் முறையைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. காலையில் ஒரு கைகலப்பு நடத்தி எதிரி வரிசையில் துளை போடலாம். அதே 15 நிமிடத்துக்குள் அந்தத் துளை வழியாக வேறு படைகளை உள்ளே அனுப்பி, பின்னால் நிற்பவர்களையும் தாக்கலாம். பிறகு அதற்கும் பின்னால். 1809-ல் நடந்து போன காலாட்படை, இரண்டாம் உலகப் போரின் டாங்கிப் படை போல ஓடும்! இதற்கு இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஒரு வழக்கம் உள்ளது. ஒரு டேர்னில் எல்லா நகர்வுகளையும், எல்லாச் சுடுதல்களையும் முடித்த பிறகே கைகலப்பைத் தொடங்க வேண்டும்; தொடங்கிய பின் எதையும் நகர்த்தக் கூடாது. கம்ப்யூட்டர் இதைத் தடுக்காது, கவனிக்கவும் கவனிக்காது. இருவரும் வார்த்தை கொடுத்து நடந்துகொள்ள வேண்டியதுதான்.

பீரங்கி வண்டி, தளபதி, உதிரி வீரர்கள் இவர்களை வைத்து வழியை அடைப்பது கூடாது என்ற விதியை சார் முதல் இ-மெயிலிலேயே எழுதிவிட்டார். காரணம் உங்களுக்கே தெரியும்.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். இருவர் கம்ப்யூட்டரிலும் ஒரே வெர்ஷன் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் மட்டும் அப்டேட் செய்தால் பைல் திறக்காமல் போகலாம். ஆகவே ஆட்டம் முடியும் வரை அப்டேட் வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, டேர்ன் சரியில்லை என்று மூடிவிட்டு, பழைய பைலை மறுபடி திறந்து புதிதாக ஆடிப் பார்ப்பது. ஆசை வரும்; கூடாது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் எழுதிக்கொண்டது இது: கரண்ட் போனால் உடனே போனில் சொல்ல வேண்டும், அதன் பிறகு திரும்ப ஆடலாம்.

எத்தனை மாதம்?

சினாரியோ என்பது எந்தப் போர், எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், யாரிடம் என்ன படை என்ற விவரம். புதியவர்கள் பட்டியலில் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுப்பார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். வியன்னா அருகே வாக்ரம் என்ற இடத்தில் 1809 ஜூலை 5, 6 ஆகிய இரு நாட்கள் நெப்போலியன் ஆஸ்திரியர்களுடன் போரிட்டார். இரு பக்கமும் சேர்த்து சுமார் மூன்று லட்சம் பேர். ஒரு நாளுக்கு 14 மணி நேரம் என்று வைத்தாலும் 56 டேர்ன். இரண்டு நாளுக்கு 112. நாங்கள் வாரத்துக்கு மூன்று டேர்ன் ஆடுவோம். முழுப் போரும் முடிய 37 வாரம்! ஒவ்வொரு டேர்னிலும் நூற்றுக்கணக்கான படைகளை நகர்த்தவும் வேண்டும். எனவே இரண்டாம் நாளின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். வாரம் எத்தனை டேர்ன், ஊருக்குப் போனால் எத்தனை நாள் பொறுப்பது, எப்போது தோல்வியை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்ளலாம் என்பவற்றையும் எழுதிவிடுவது நல்லது.

அந்த இரண்டாம் நாளில் நெப்போலியனின் வரிசையில் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. அதனை அடைக்க சுமார் நூறு பீரங்கிகளை ஒரே இடத்தில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் லோரிஸ்தோன். விளையாட்டிலும் பிரெஞ்சுப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு சார் இ-மெயில் அனுப்பினார்: “தம்பி, இந்த ஆள் நம்ம பாண்டிச்சேரியில் பிறந்தவர், தெரியுமா?”

உண்மைதான். 1768-ல் புதுச்சேரியில் பிறந்தவர் அவர். தந்தை ழான் லா, புதுச்சேரியின் கவர்னர். மகன் நெப்போலியனின் துணை அதிகாரியாக உயர்ந்தார். பின்னர் 1823-ல் பிரான்சின் மார்ஷல் ஆனார். அவருடைய சித்தப்பா ழாக் லா. அந்தச் சித்தப்பாதான் 1752-ல் ஸ்ரீரங்கம் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்த பிரெஞ்சுத் தளபதி.

வாக்ரமில் நெப்போலியன் புறப்பட்டதும் ஒரு தீவிலிருந்துதான். டான்யூப் நதியில் உள்ள லோபாவ் தீவில் படையைச் சேர்த்து, இரவோடு இரவாகப் பாலம் போட்டுக் கடந்தார். ஒரு தீவு அவருக்கு வாசல் ஆனது. ழாக் லாவுக்கு இன்னொரு தீவு பொறி ஆனது. அடுத்த ஆட்டம் நம் ஊரிலேயே என்று அன்று முடிவாயிற்று.

நம் ஊரை எப்படி சினாரியோ ஆக்குவது?

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்காடு நவாப் பதவிக்கு சந்தா சாகிப், முகமது அலி என இருவர் போட்டி. சந்தா சாகிப்புக்கு பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். 1751-லிருந்து சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் அதை முற்றுகையிட்டிருந்தனர். 1752 வசந்த காலத்தில் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸும் கிளைவும் உதவிப் படையோடு வந்து சேர்ந்தார்கள். ழாக் லா முற்றுகையை விட்டுவிட்டுக் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் ஜம்புகேஸ்வரம் கோயிலிலும், சந்தா சாகிப்பின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் தங்கினர். கிளைவ் படையின் ஒரு பகுதியோடு கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரத்தில் உட்கார்ந்துகொண்டார். தெற்கே லாரன்ஸ், வடக்கே கிளைவ். புதுச்சேரியிலிருந்து உதவி கொண்டு வந்த தோத்தேய் என்ற தளபதியையும் ஆங்கிலேயர் வழியில் மடக்கி வாலிகண்டபுரத்தில் பிடித்துவிட்டனர். ஜூனில் லா சரணடைந்தார். சுமார் 800 ஐரோப்பியர், 2000 சிப்பாய்கள். தஞ்சைப் படைத்தலைவரிடம் அடைக்கலம் போன சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

இதை ஆட்டமாக்கும்போது முதல் கேள்வி: எந்த நாளில் தொடங்குவது? மார்ச் மாதத்தில் தொடங்கினால் லாவாக ஆடுபவர் ஸ்ரீரங்கத்துக்குப் போகவே மாட்டார். முடிவு தெரிந்த பிறகு யார் போவார்கள்? ஆட்டம் வேறு எங்கோ போய்விடும். ஆகவே லா தீவுக்குள் வந்த பின், கிளைவ் சமயபுரத்தில் இறங்கிய நாளே முதல் டேர்ன். தவறு ஏற்கெனவே நடந்துவிட்டது. இனி என்ன செய்வாய் என்பதுதான் ஆட்டம். பழைய போர் எதை எடுத்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். வாட்டர்லூவிலும் இதே கதைதான். 1815 ஜூன் 18 அன்று பிரஷ்யப் படை மாலையில் வந்து சேரும் என்பது இப்போது பள்ளி மாணவருக்கும் தெரியும். நெப்போலியனுக்கு அன்று காலை அது உறுதியாகத் தெரியாது. வரும் நேரத்தை முன்கூட்டியே நிச்சயிப்பதா, பகடையில் விடுவதா என்பதை இருவரும் பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது அளவு. நெப்போலியன் விளையாட்டின் 100 மீட்டர் கட்டம் இங்கு உதவாது. தீவிலிருந்து வாலிகண்டபுரம் வரை வரைந்தால் நூற்றுக்கணக்கான கட்டங்கள் காலியாகக் கிடக்கும். கட்டம் 1 கிலோமீட்டர், டேர்ன் 1 நாள் என்று வைத்தோம். மொத்தம் 60 டேர்ன்.

தேதியிலும் ஒரு வேடிக்கை. அப்போது பிரெஞ்சுக்காரர்கள் புதிய காலண்டரிலும், ஆங்கிலேயர்கள் பழைய காலண்டரிலும் இருந்தார்கள். வித்தியாசம் 11 நாள். அதே 1752 செப்டம்பரில்தான் இங்கிலாந்து புதிய காலண்டருக்கு மாறியது. புத்தகங்களில் ஒரே சம்பவத்துக்கு இரண்டு தேதி இருப்பதற்குக் காரணம் இது. நாங்கள் தேதியே போடாமல் டேர்ன் 1, டேர்ன் 2 என்று எண்ணிக்கொண்டோம்.

காவிரிதான் பெரிய விவாதம். கோடையில் ஆற்றை எங்கும் நடந்து கடக்கலாம். குடகில் மழை பெய்து தண்ணீர் வந்துவிட்டால் முடியாது. இப்போது நமக்குத் தண்ணீர் வருவது மேட்டூர் திறப்பதைப் பொறுத்தது. அந்த அணை 1934-ல் வந்தது. 1752-ல் வெள்ளம் அதன் இஷ்டத்துக்கு வரும். எனவே 45-வது டேர்னிலிருந்து தினமும் ஒரு பகடை. 6 விழுந்தால் ஆறு நிரம்பிவிட்டது, இனி படகு மட்டும். இந்த விதியால் இருவருக்கும் தூக்கம் இல்லை. தாக்க வருபவருக்கு வழி அடைபடும். உள்ளே இருப்பவருக்குத் தப்பும் வழியும் அடைபடும்.

நிலப்படம் வரையும்போது இன்றைய படத்தை அப்படியே எடுக்கக் கூடாது. முக்கொம்பு அணை 19-ம் நூற்றாண்டில் கட்டியது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 1987-ல்தான் முழுமை பெற்றது. அதுவரை அது மொட்டைக் கோபுரம். அப்போது அங்கே உயரமான இடம் என்றால் தெற்கே மலைக்கோட்டைதான், 83 மீட்டர். ஆகவே மலைக்கோட்டையிலிருந்து ஐந்து கட்டம் வரை நடப்பது ஆங்கிலேயப் பக்கம் ஆடுபவருக்குத் தெரியும் என்று விதி. கோயிலை நோக்கி பீரங்கி சுடக் கூடாது என்று சார் ஒரு விதி கேட்டார். அப்படியானால் லா கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வாரே என்று நான் எழுதினேன். கடைசியில், சுடலாம், ஆனால் சுட்ட பக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் வெற்றிப் புள்ளி குறையும் என்று முடிந்தது. அதற்கே அவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

சமயபுரத்து இரவு

எந்த விதிப் புத்தகத்திலும் அடங்காத ஒரு சம்பவமும் அந்தப் போரில் உண்டு. கிளைவ், தோத்தேயைத் தடுக்க ஊட்டத்தூர்ப் பக்கம் போய்விட்டார் என்று லாவுக்குச் செய்தி வந்தது. சமயபுரத்தைப் பிடிக்க இரவில் 80 ஐரோப்பியர்களையும் 700 சிப்பாய்களையும் அனுப்பினார். அந்த 80 பேரில் 40 பேர் ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிப் போனவர்கள். கிளைவோ அதற்குள் திரும்பி வந்து தூங்கிக்கொண்டிருந்தார். காவல்காரன் தடுத்தபோது, லாரன்ஸ் அனுப்பிய உதவிப் படை நாங்கள் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. உள்ளே விட்டுவிட்டான். கிளைவ் படுத்திருந்த சத்திரத்துக்குள்ளேயே குண்டு பாய்ந்தது; அவர் உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

இது நடந்தது என்று இருவருக்கும் தெரியும். ஆங்கிலேயப் பக்கம் ஆடும் நான் ஒவ்வொரு இரவும் உஷாராக இருந்துவிட்டால் லாவின் தந்திரம் வீண். அனுமதித்தால், சார் தினமும் ஆள் மாறாட்டம் செய்வார். “ஒரே ஒரு தடவை தம்பி, அதுவும் எந்த ராத்திரி என்று சொல்ல மாட்டேன்” என்றார். அப்படியே எழுதினோம். அவர் அந்த இரவைத் தொடக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி, பாஸ்வேர்ட் போட்டு ஜிப் செய்து எனக்கு அனுப்பிவிட்டார். பாஸ்வேர்டை அந்த நாள் வரும்போது தருவார். நான் சந்தேகப்பட்டு ஒரு படையை நிறுத்தி விசாரித்தால் எனக்கு ஒரு நாள் நகர்வு போய்விடும்.  எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வெற்றி யாருக்கு? நிஜத்தில் லா தோற்றார்; படை பலமும் எங்கள் பக்கமே கூடுதல். அவரைவிட ஒரு நாள் அதிகம் தாக்குப் பிடித்தால் சாருக்குச் சிறு வெற்றி. தோத்தேயின் வண்டிகள் தீவுக்கு வந்து சேர்ந்தால் பெரு வெற்றி. முடிந்ததும் பக்கம் மாற்றி மறுபடி ஆட வேண்டும்.

இலவச சாப்ட்வேர்

இதற்கு நாங்கள் பயன்படுத்துவது வாசல் என்ற இலவச, ஓபன் சோர்ஸ் சாப்ட்வேர். ஸ்ரீரங்கத்துக்காரரிடம் வாசல் என்றால் அவருக்கு வைகுண்ட ஏகாதசிதான் நினைவுக்கு வரும். ஆனால் இது ஆங்கிலப் பெயர். ராட்னி கின்னி என்பவர் ஒரு பலகைப் போர் விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஆடுவதற்காகத் தொடங்கியது. இப்போது ஏராளமான விளையாட்டுகள் இதில் உள்ளன. நாமே புதிதும் செய்யலாம்.

பைல் மெனுவில் நியூ மாட்யூல் என்பதைக் கிளிக் செய்தால் எடிட்டர் திறக்கும். பெயின்ட் புரோகிராமில் வரைந்த நிலப்படத்தை போர்டு என்ற இடத்தில் சேர்த்து, அதன்மேல் ஹெக்ஸ் கிரிட் போட வேண்டும். படைகளுக்குச் சதுரச் சதுரமாகச் சிறு படங்கள் செய்து, கேம் பீஸ் பேலட் என்ற பகுதியில் சேர்க்க வேண்டும். மாஸ்க் என்ற வசதியைக் கொடுத்தால் எதிராளிக்கு அந்தக் காய் மூடிய நிலையில் மட்டும் தெரியும். பகடைக்கு ஒரு பட்டன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இதெல்லாம் முடிந்தது. முடித்த மாட்யூல் பைலை இருவர் கம்ப்யூட்டரிலும் காப்பி செய்தோம்.

ஆடும்போது பைல் மெனுவில் பிகின் லாக்பைல் என்பதைக் கிளிக் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். நீங்கள் நகர்த்துவது, பகடை உருட்டுவது எல்லாம் அதில் பதிவாகும். முடித்து அனுப்பினால், எதிராளி பேஜ் டவுன் கீயை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஒன்றை மறக்காதீர்கள். நெப்போலியனிக் பேட்டில்ஸ் தப்பான நகர்வைத் தடுக்கும். வாசல் தடுக்காது. சமயபுரத்தில் நிற்கும் படையை மவுஸால் இழுத்து மதுரையில் வைத்தாலும் அது சும்மா இருக்கும். விதிகள் எல்லாம் நீங்கள் இருவரும் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் மட்டுமே உள்ளன. அந்தப் பக்கத்தையும் டேர்ன் பைல்களையும் ஒரே போல்டரில், டேர்ன் எண்ணைப் பெயராகக் கொடுத்து வையுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொள்வதும் நல்லது.

இப்போது 19-வது டேர்ன். லால்குடியில் இருந்த தானியத்தை நான் பிடித்துவிட்டேன். சமயபுரத்து இரவு இன்னும் வரவில்லை. எழுதாமல் விட்ட விதி ஒன்று நேற்று தலைகாட்டியது. தானியம் போனதால் சந்தா சாகிப்பின் ஆட்கள் கலைந்து போவது எந்த டேர்னிலிருந்து, எத்தனை பகடையில்? நான் நாளையிலிருந்து என்று எழுதியிருக்கிறேன். சார் பத்து நாள் கேட்கிறார். அது முடிவாகும் வரை இருவரும் பைல் அனுப்புவதில்லை என்று எங்கள் பக்கத்தில் உள்ள கடைசி வரி சொல்கிறது.